தபால் என்று ஒட்டியிருந்த இடம்

முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவன் நான். மூன்றாம் மாடிப் பொத்தானை ஒரு நாளும் இடம் மாற்றியதில்லை. மாற்றியிருந்தால் இந்த ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் யார் வீட்டிலோ குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பார்கள்.

பொத்தானில் எண் தேய்ந்துபோனால் அதன் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது எங்கள் தொழில் வழக்கம். என் மனைவியின் கம்ப்யூட்டருக்கும் அதையே செய்தேன். திரையில் இருந்த பொடிப் படங்கள் ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: தபால், கடிகாரம், தொடாதே.

அவள் ஒரு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரிக்கிறாள். பதினோரு வருஷத்தில் ஒரு வாரம் தவறியதில்லை. முடித்ததை மவுஸால் இழுத்துக்கொண்டு போய் 'தபால்' மேல் போடுவாள். கடிதம் திறக்கும், அனுப்புவாள்.

அன்றைக்குக் காலையில் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. ஏழரை மணி நேரம் ஆனது. அவள் நாற்பது நிமிஷம் என்பாள். பிறகு வழக்கம்போல் இழுத்துப் போட்டாள். கடிதம் திறக்கவில்லை. போட்டது மாயமாகிவிட்டது.

"பரவாயில்லையே, இப்பல்லாம் தானாவே அனுப்பிடுது போல" என்று சந்தோஷமாகக் குளிக்கப் போனாள்.

பதினொன்றரைக்கு ஆசிரியர் ஃபோன் செய்தார். "அம்மா, இன்னும் வரலையே. பன்னிரண்டு வரைக்கும் பாப்பேன். அப்புறம் அந்த இடத்துல மெத்தை விளம்பரம்தான்."

என் மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து நான் மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டேன். நம்ம மாப்பிள்ளை சாதாரண ஆளில்லை. இந்தக் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கிற கம்பெனியிலேயே, எதை எங்கே வைக்கலாம் என்று யோசிக்கிற பிரிவில் உத்தியோகம்.

"மாமா, குப்பைத்தொட்டியில விழுந்திருக்கும். திறந்து பாருங்க."

"தொட்டியை எங்க வெச்சீங்க, மாப்பிள்ளை?"

"இடது பக்கம் மேல் மூலையில. ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணோம். ஜனங்க கண்ணு முதல்ல அங்கதான் போகுதாம்."

"அங்க தபால் இருக்கு."

"இருக்காது மாமா. அதை நடுவுக்குக் கொண்டுவந்துட்டோம்."

"என் கையால ஒட்டினது, மாப்பிள்ளை. அங்கதான் இருக்கு."

"ஒட்டினீங்களா? எதுல?"

"கண்ணாடியிலதான். வேற எதுல ஒட்டுவாங்க?"

நான் நகவெட்டியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். லிஃப்ட் ஸ்டிக்கர் என்றால் சும்மாவா? பூகம்பம் வந்து கட்டடம் விழுந்தாலும் அது தனியாக நிற்கும்.

"ஏங்க, மணி பதினொன்னு ஐம்பது. கொஞ்சம் நகருங்க." என் கையைத் தட்டிவிட்டு, 'தபால்' மேலேயே மவுஸை வைத்து இரண்டு தட்டுத் தட்டினாள். தொட்டி திறந்தது. உள்ளே குறுக்கெழுத்து, கசங்காமல்.

"மாப்பிள்ளை, இப்ப நிஜத் தபால் எங்க?" என்று கேட்டாள்.

"நட்டநடுவுல, அத்தை."

நட்டநடுவில் 'தொடாதே' இருந்தது. தொட்டாள். கடிதம் திறந்தது. ஆனால் உடனே அனுப்பவில்லை. உதட்டைக் கடித்தபடி குறுக்கெழுத்தில் ஏதோ ஒரு வரியை அடித்து மாற்றினாள். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மெத்தைக்கு அதிர்ஷ்டமில்லை.

"என்னத்தை மாத்தின?"

"விடையை மாத்த நேரமில்ல. குறிப்பை மட்டும்தான்."

பத்திரிகை வந்ததும் பார்த்தேன். இடமிருந்து வலம், ஏழு. 'மகளின் கணவர்' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'சும்மா இருந்ததை நகர்த்தி வைப்பவர் (5)' என்று இருந்தது.

மகள் ஃபோனில் சொன்னாள். அவர் வாராவாரம் அத்தையின் போட்டியை விடாமல் போடுவாராம். இந்த வாரம் எல்லாம் நிரப்பிவிட்டாராம், ஐந்து கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறதாம்.