அந்தோணிமேரி தின்ற பூண்டு

அந்தோணிமேரி தின்ற பூண்டு அவள் கணவன் இன்னாசிராஜின் மூச்சில் இரண்டு வருஷம் மணத்தது. 1971 மாசி மாதம், பெண் குழந்தை பிறந்த பதினோராம் நாள், பிரசவ ஜுரத்தில் அவள் இறந்தாள். பால் ஊறட்டும் என்று அந்தப் பதினோரு நாளும் அவள் அம்மா பூண்டுக் குழம்பும் பூண்டு வேகவைத்த பாலும் கொடுத்திருந்தாள். இன்னாசிராஜ் ஒரு பல்கூடத் தொட்டதில்லை. அவனுக்குப் பூண்டு பிடிக்காது. மரக்காணம் கல்லறையில் அவளை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மணம் அவன் வாய்க்குள் வந்துவிட்டிருந்தது. அதன் பிறகு மூன்று நாள் அவன் வாயையே திறக்காததால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த மூன்று நாளும் குழந்தை சகாயம் பால் குடிக்கவில்லை. டப்பாப் பாலைத் துப்பியது. ஆட்டுப்பாலைத் துப்பியது. கோயில் தெருவில் கைக்குழந்தை வைத்திருந்த மூன்று பெண்கள் வந்து மடியில் போட்டுப் பார்த்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. உச்சிக்குழி உள்வாங்கி, அழுகை பூனைக்குட்டி சத்தமாகிவிட்டது. நாலாம் நாள் காலை, குப்பத்திலிருந்து மீன் விற்க வந்த சாமுண்டீஸ்வரி கூடையை வாசலில் இறக்கிவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கும் நாலு மாதக் குழந்தை இருந்தது. முந்தானையால் மூடிக்கொண்டு எடுத்து அணைத்தாள். சகாயம் அவளிடமும் முகம் திருப்பியது.

“மீன் கவுச்சி ஆவலியாம் மகாராணிக்கு,” என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்தவனிடம் திரும்பினாள். “தம்பி, செவுத்தையே பாத்துக்கினு இருக்கிறியே, புள்ளகிட்ட வந்து ஒரு வார்த்த பேசுப்பா. போறதுக்கு முன்ன அப்பன் குரலாவது கேக்கட்டும்.”

அவன் வந்து, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு குனிந்து, “சகாயம்” என்றான். பெயரும் பூண்டு மணமும் ஒன்றாகக் குழந்தையின் முகத்தில் விழுந்தன. அது மூக்கைச் சுளித்தது, வாயைத் திறந்து தேடியது, பற்றிக்கொண்டது.

“இன்னா தம்பி, ஒரு மூட்ட பூண்டு துன்னியா?”

“இல்லக்கா.”

“பேசு, பேசு. நீ நிறுத்துனா இவளும் நிறுத்திடுறா.”

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு உப்பளத்தில் உப்பைச் சோதிக்கும் வேலையில் இருந்தவன், தெரிந்ததைச் சொன்னான். பூண்டை நசுக்கினால் அதிலுள்ள கந்தகம் மணமாகக் கிளம்புகிறது. வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் சேருகிறது. ஈரல் மற்றதையெல்லாம் உடைத்துப் போட்டுவிடும், ஒன்றை மட்டும் அதனால் சட்டென்று உடைக்க முடியாது. அந்த ஒன்று ரத்தத்தோடு சுற்றிச் சுற்றி நுரையீரலுக்கு வந்து மூச்சில் வெளியேறும். வியர்வையில் கொஞ்சம், தாய்ப்பாலில் கொஞ்சம். “ரெண்டு நாளுக்கு மேல உடம்புல தங்காது,” என்று குழந்தையிடம் சொல்லி முடித்தான். அன்று நாலாம் நாள்.

சாமுண்டீஸ்வரி காலையும் மதியமும் மாலையும் வந்தாள். இடைவேளைக்குச் சங்கில் பீச்சி வைத்துவிட்டுப் போனாள். அதையும் அவன் பேசிக்கொண்டேதான் புகட்டினான். தினமும் மதியம் உப்பளத்திலிருந்து ஒரு மைல் நடந்து வந்து அதே பாடத்தை நடத்தினான். இரண்டே மாதத்தில் அவளுக்கு மனப்பாடமாகி, மீன் வாங்க வந்தவர்களிடம் ஈரலால் ஆகாத காரியத்தைப் பற்றி எடுத்துச் சொன்னாள். அந்தத் தெருவுக்குக் கொசு வரவில்லை. மருந்தடிக்கிறவர்கள் கணக்குக் காட்ட வந்துவிட்டுச் சும்மா திரும்பினார்கள். பாவசங்கீர்த்தனத்தின்போது பங்குச் சாமியார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே மன்னிப்புக் கொடுத்தார். மணம் போவதற்கு ஜெபம் பண்ணட்டுமா என்று ஒருநாள் கேட்டார். “வேண்டாம் சாமி, நன்றிப் பூசை வைங்க,” என்றான். வைத்தார், ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு வைத்தார்.

1973 மாசியில் சகாயம் பாலை மறந்து, மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றைத் தன் கையாலேயே அள்ளித் தின்றது. அன்று சாயங்காலம் இன்னாசிராஜின் மூச்சில் ஒன்றும் இல்லை.

இப்போது வருஷத்துக்கு ஒரு நாள், கல்லறைத் திருநாளன்று மட்டும் அந்த மணம் வருகிறது. உப்பளமெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கும் காலம் அது. விடியும்போது வந்து, கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வீடு திரும்பும்வரை இருக்கிறது. அன்றைக்கு அவன் கல்லறைக்குக் கிளம்புமுன்பே சாமுண்டீஸ்வரி நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வருகிறாள். வாசலிலேயே நின்று, “வந்துட்டாளா தம்பி?” என்று கேட்கிறாள். அவன் வாயைத் திறந்து ஊதிக் காட்டுகிறான்.

“வந்துட்டா,” என்று சொல்லிவிட்டு அரிவாள்மணையை எடுத்துப் போட்டு மீனை ஆய உட்காருகிறாள். அன்றைய குழம்புக்கு அவள் பூண்டு உரிப்பதில்லை.