குளிக்கத் தடை உள்ள நாட்கள்

குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியில் இருக்கிறது ஜெபசிங்கின் கடை. எண்ணெய், சோப்பு, துண்டு, பிள்ளைகளுக்கான கால்சட்டை எல்லாம் கிடைக்கும். எண்ணெய் வாங்குகிறவர்கள் பையையும் போனையும் அங்கேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போவார்கள். அதனால் சீசனில் கடைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விற்க, ஒருவர் பைகளைப் பார்த்துக்கொள்ள. மனைவி ஜெஸி ஐந்தருவிப் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குப் போகிறாள். ஆகவே அந்த இரண்டாவது ஆள், பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் எப்சிபாதான். தென்காசியில் பள்ளி விட்டதும் பஸ் ஏறி ஐந்து மணிக்குக் கடைக்கு வருவாள். எட்டு மணி வரை பைகளின் நடுவே இருப்பாள்.

அவளுக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. ஜெபசிங்குக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் நீட் என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த பிறகு ஒரு மாதம் உட்கார்ந்து படிக்கிற சமாச்சாரம் என்று அவர் நினைத்திருந்தார். “சீசன் மூணு மாசந்தான்ட்டி. பரீட்சைக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்குல்லா” என்பார். பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லாதவர் அல்ல. அவருக்கு யாரும் வேறு மாதிரி சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பள்ளியில் இயற்பியல் நடத்தும் ஸ்ரீவித்யா டீச்சர் வேறு மாதிரி சொன்னார். “கேள்வியில ஏறக்குறைய பாதி ப்ளஸ் ஒன் புத்தகத்துல இருந்து வரும். இப்ப தூங்கிட்டு அடுத்த வருசம் ரெண்டு புத்தகத்தையும் ஒண்ணாத் தூக்கிட்டு மூச்சு வாங்காதீங்க. பத்து மணி நேரமெல்லாம் வேண்டாம். தினம் ரெண்டு மணி நேரம், ஒரே நேரத்துல. சனிக்கிழமை ஒரு டெஸ்ட். தப்பாப் போட்டதை மட்டும் தனி நோட்டுல எழுதி, திரும்பப் போட்டுப் பாருங்க.”

எப்சிபா நோட்டு போட்டாள். ஆனால் ஒரு கணக்கை எடுத்தால், “பாப்பா, அந்த நீலப் பை”, “பாப்பா, இந்த போனைக் கொஞ்சம் சார்ஜ்ல போடேன்” என்று யாராவது வந்து நின்றார்கள். முதல் டெஸ்டில் நூற்றுக்கு முப்பத்தெட்டு.

அடுத்த வாரம் மலையில் கனத்த மழை. அருவி செம்மண் நிறமாகி, முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி, கயிறு கட்டி, குளிக்கத் தடை போட்டார்கள். கடையில் ஆள் இல்லை. எப்சிபா மூன்று நாள் நிம்மதியாகப் படித்தாள். அந்தச் சனிக்கிழமை எழுபத்தொன்று. பிறகு தண்ணீர் வடிந்தது. மதிப்பெண்ணும் முப்பத்தைந்துக்கு வடிந்தது. மறுபடி வெள்ளம், எழுபத்து நான்கு.

“ஏன் இப்படி ஏறி இறங்குது?” என்று டீச்சர் கேட்டார். அருவியைக் காரணம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று முதல் படுக்கப் போகுமுன் ரகசியமாக ஜெபித்தாள்: ‘ஆண்டவரே, மலையில் இன்னும் கொஞ்சம் மழை தாரும்.’

மழை வந்தது. தொடர்ந்து நான்கு நாள் தடை. நான்காம் நாள் மாலை, நோட்டிலிருந்து நிமிர்ந்தபோது அப்பா கடை வாசலில் நின்று அருவியையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் கடை போட்டிருக்கும் நூர்நிஷா, சாரல் காற்றில் நமுத்துப் போனவற்றைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாட்டி, ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிக்கிடுவோம்” என்று ஜெபசிங் உள்ளே வந்து கண்ணை மூடினார். “ஆண்டவரே, தண்ணியக் கொஞ்சம் எறக்கித் தாரும். இந்த ரோட்டுல கடை போட்டிருக்க எல்லாரையும் நெனச்சுக்கிடும். எம் பிள்ளைக்கு நல்ல படிப்பத் தாரும். ஆமென்.”

பக்கத்தில் சத்தம் இல்லை. அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

“என்னட்டி, ஆமென் சொல்ல மாட்டியா? தொண்ட வலிக்கா?”

“சொல்ல முடியலப்பா. நான் மழ வேணும்னுல்லா கேட்டுட்டேன்.” அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெபசிங் அருவிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “அப்பம் நாலு நாளா மேல ஊத்துதது நீதானா?”

தார்ப்பாய்க்கு அப்பாலிருந்து சிரிப்பு வந்தது. “அண்ணாச்சி, கலெக்டராபீசுக்குச் சொல்லி உடுங்க, காரணத்தக் கண்டுபிடிச்சாச்சுன்னு!”

“நீ வேற சும்மா இரும்மா. ஒரே ஆண்டவர்ட்ட அப்பனும் மவளும் ஆளுக்கொரு மனுக் குடுத்தா அவரு எதுலதான் கையெழுத்துப் போடுவாரு?” என்றவர், “அந்த நோட்டக் கொண்டா” என்றார்.

ஒவ்வொரு டெஸ்டுக்கும் அவள் குறித்திருந்த தேதி, மதிப்பெண்களின் மேல் அவர் விரல் நகர்ந்தது. எந்த நாளில் தடை, எந்த நாளில் கூட்டம் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. “எழுபத்தொண்ணு... இது தடை போட்ட வாரம். முப்பத்தஞ்சு... இது நல்ல யாவாரம் நடந்த வாரம்லா.” அவர் குரல் இறங்கியது. “நான் ஸ்தோத்திரம் சொன்ன வாரமெல்லாம் உனக்கு மார்க்கு இல்லியாட்டி?”

எப்சிபா ஆமாம் என்று தலையசைத்தாள்.

“ரெண்டு மணி நேரம் போதுமா?”

“போதும்பா. தெனமும் கெடைக்கணும். பள்ளிக்கூடம் விட்டதும் தென்காசி நூலகத்துல இருந்து படிச்சிட்டு ஏழு மணி பஸ்ஸுல வந்துருதேன்.”

“படி. ஆனா இந்தப் பையெல்லாம்...” என்று அவர் முடிக்காமல் நிறுத்தினார்.

நூர்நிஷா தார்ப்பாயைத் தூக்கினாள். “எங்க பக்கமா தள்ளுங்க அண்ணாச்சி. நாலு மணிக்கு என் அடுப்பு அணஞ்சிரும். பொட்டலம் போட்டுக்கிட்டே பாத்துக்கிடுதேன்.”

“ஒரு போன் காணாமப் போனா உன்னையல்லாம்மா புடிப்பாங்க?”

“புடிச்சா பதில் சொல்லிக்கிடுதேன். இவ வெள்ளம் கேட்டு அழுவாம படிக்கட்டும். எனக்கும் சிப்ஸ் விக்கணும்லா!”

சனிக்கிழமை தண்ணீர் ஆர்ச்சுக்குக் கீழே இறங்கியது. கூட்டம் கூட்டமாக வண்டிகள் வந்தன. திங்கட்கிழமை எப்சிபா நூலகத்துக்குப் போனாள். முதல் நாள் முழுக்க யாருடைய பை எங்கே இருக்கும் என்ற நினைப்பிலேயே போனது. மூன்றாம் நாள், கடிகாரத்தைப் பார்க்க மறந்து ஆறு கணக்குகள் போட்டிருந்தாள். ஜன்னலில் மழை தட்டியபோது, ‘அப்பா கடையில் இப்போது நல்ல கூட்டமாக இருக்கும், மழை நின்றுவிடட்டுமே’ என்று தன்னையறியாமல் வேண்டிக்கொண்டாள். மனசு லேசாக இருந்தது.

அந்த வாரம் அறுபத்திரண்டு. அதற்கடுத்து அறுபத்தாறு, அறுபத்தொன்பது. வியாபாரம் நடந்த வாரங்களில் வாங்கிய மதிப்பெண்கள் அவை. “இப்பதான் ஒரு சீரா வருது” என்றார் டீச்சர்.

பிறருக்காகப் பாரம் சுமக்கிறவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. நாமாகப் பார்த்தால்தான் தெரியும். நூர்நிஷாவின் கணவர் முகம்மது ரபீக் தோஹாவில் வேலை பார்க்கிறார். அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இங்கே மணி ஏழரை ஆகும்போது போனில் முகம் காட்டிப் பேசுவார். ஒரு வெள்ளிக்கிழமை பஸ் இறங்கி வந்த எப்சிபாவின் காதில், “பை நெறைய கெடக்கு, பொறவு பேசுங்க மச்சான்” என்று நூர்நிஷா அவசரமாகச் சொன்னது விழுந்தது.

அடுத்த வெள்ளி, பஸ்ஸை விட்டு இறங்கியதும் எப்சிபா நேராகச் சிப்ஸ் கடைக்குள் நுழைந்து தராசுக்குப் பின்னால் நின்றாள்.

“எந்திரிங்கக்கா. போயி உக்காந்து பேசுங்க.”

“ஏட்டி, உனக்கு வெல தெரியுமா?”

“மூணு வருசமா உங்க சத்தத்தக் கேட்டுக்கிட்டுதான இருக்கேன். கால் கிலோ, அர கிலோ எல்லாம் தெரியும். போங்க.”

நூர்நிஷா போனை எடுத்துக்கொண்டு பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்த பழப்பெட்டியில் உட்கார்ந்தாள். ஆலங்குளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அரைக் கிலோ கேட்டது. எப்சிபா நிறுத்துக் கட்டினாள். முதுகுக்குப் பின்னால் நூர்நிஷா அவசரமில்லாமல் பேசுவது கேட்டது.

“சாப்பிட்டாச்சா மச்சான்? ...கடையா? அதுக்கு ஆள் இருக்கு. வருங்கால டாக்டர் ஒருத்தி நம்ம சிப்ஸ விக்கா. ஆமா, இங்கனதான் நிக்கா. நீங்க நிதானமாச் சொல்லுங்க.”