நாலுக்கு இரண்டு

கல்முனைப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால்தான் பெண் பார்க்க வந்த மசூர் கேட்ட ஒரே விஷயம் பெண்ணின் தகப்பன் ஜவுபருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாமா, வேறொண்டும் வேணா. பிஜி ரக்பி லீக் டீம் விளையாடுற நாளையில மட்டும் டிவி ரிமோட் என்ட கையில இரிக்கணும்."

அந்த வீட்டு ரிமோட் பல வருடமாக ஜவுபரின் இடுப்புச் சாரத்தில்தான் செருகியிருந்தது. பழைய கிரிக்கெட் மெச்சுகளை, முடிவு தெரிந்தும், நெஞ்சு படபடக்கப் பார்ப்பவர் அவர்.

அறைத் திரைக்குப் பின்னால் நின்ற கல்யாணப் பெண் மர்ஷூதா தலையில் கைவைத்தாள். இந்த மனிதனைத்தான் அவளுக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது. போன வருடம் பேசிவந்த மாப்பிள்ளை, உம்மா சபூறா கருப்பட்டியும் முட்டையும் போட்டு அவித்த வட்டிலப்பத்தைத் தின்றுவிட்டுப் போனவன், போனைக்கூட எடுக்கவில்லை. இவனும் போய்விட்டால்?

"பிஜியா? அது எங்கால இரிக்கி?"

"பசிபிக் கடல்ல, மாமா. கட்டார்ல என்ட ரூம்ல இருந்தவன் அந்த ஊரான்."

"நல்லா வெல்லுவானுகளா?"

மசூருக்குப் பொய் வராது. விரலை மடித்தான். "உலகக் கிண்ண அரையிறுதி மூணு. மூணும் அவுஸ்திரேலியாவோட. ரெண்டாயிரத்தி எட்டுல அம்பத்திரண்டுக்குப் பூச்சியம். பதின்மூணுல அறுபத்தி நாலுக்குப் பூச்சியம்."

"பூச்சியம் ஆருக்கு?"

"நமக்குத்தான், மாமா. பதினேழுல அம்பத்தி நாலுக்கு ஆறு. முன்னேறிட்டம். அதுக்கு முந்தின மெச்சுல நியூசிலாந்தையே நாலுக்கு ரெண்டு எண்டு அடிச்சம்!"

"இந்தக் கூத்துக்கு என்ட ரிமோட்டா?" ஜவுபர் எழும்பப் போனார்.

மர்ஷூதாவுக்கு வெட்கம் பறந்தது. "வாப்பா! அறுபத்தி நாலு வாங்கியும் உட்டுட்டு ஓடாத மனிசன். உம்மாட சாப்பாட்டுக்கு இப்பிடி ஆள்தான் தாங்கும்!"

"என்ன புள்ள சொன்ன?" வட்டிலப்பத் தட்டோடு வந்த சபூறா முறைத்தார். கருப்பட்டியைக் கருக்குவது அவரது கைப்பக்குவம்.

மசூர் ஒரு வாய் வைத்தான். கண் கலங்கியது. முகம் அறுபத்து நாலுக்குப் பூச்சியம் என்று திரை இடுக்கால் பார்த்த மர்ஷூதாவுக்குத் தெரிந்தது.

"எப்பிடி, மகன்?"

"நாலுக்கு ரெண்டு, மாமி." மூச்சு வாங்கினான். "இன்னொரு துண்டு வைங்க."

அந்த வட்டிலப்பத்தை மறுமுறை கேட்டவர் இதுவரை எவருமில்லை, ஜவுபர் உட்பட. அவர் இடுப்பிலிருந்து ரிமோட்டை உருவி மருமகன் முன்னால் மேசையில் வைத்தார்.

"அடுத்த மெச் எப்ப, மகன்?"