தண்ணித்தொட்டி கிட்ட நின்ன ஆளு

செல்லப்பாண்டி செத்து ரெண்டு மாசமா கற்பகவல்லி வீட்டு வாசலை ஒரு ஆள் மிதிக்கலை. தை மாசம் வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி ஒண்ணு வெடிச்சு ஆறு பேர் கரிக்கட்டையாப் போனாகளே, அந்த ஆறுல ஒருத்தன் செல்லப்பாண்டி. அங்க அவன்தான் போர்மேன். கம்பெனிக்காரன் அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ளயே காரணம் கண்டுபிடிச்சிட்டான். வெயில் ஏறின பிறகு மருந்து கலக்கச் சொன்னது போர்மேன், தப்பு அவன் மேலதான்னுட்டான். செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்லவா போறான்? பேப்பர்லயும் அப்படியே வந்துச்சு. பதினாறாம் நாள் காரியத்துக்கு வடிச்ச சோறு அண்டாவோட கெடந்து புளிச்சுது.

கற்பகவல்லிக்குத் தெரியும். விடியக்காலம் கலவையை முடிச்சு, கையைக் கழுவின பிறகுதான் அந்த மனுசன் காப்பித்தண்ணியே குடிப்பான். முதல்ல வெடிச்ச வலது மூலை ரூமைக் கம்பெனிக்காரன் வேற ஆளுக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தான். அதுக்கும் இவனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இதையெல்லாம் அவ யாருகிட்டச் சொல்லுவா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பங்குனிக் கடைசியில அவ போனுக்குத் தெரியாத நம்பர்ல இருந்து ஒரு வீடியோ வந்துச்சு. லோடு ஏத்த வந்த வடக்கத்தி லாரிக்காரன் ஒருத்தன் ரோட்டுல வண்டிமேல நின்னு எடுத்ததாம். மொத்தம் இருபத்திரண்டு விநாடி. கேட்டுப் பக்கத்துத் தண்ணித்தொட்டி கிட்ட காப்பிக்கலர் சட்டையும் தலைத்துண்டுமா ஒரு ஆளு நிக்கான். வலது மூலை ரூம் வெடிக்குது. அந்த ஆளு வெளிய ஓடலை, புகைக்குள்ள ஓடுறான். அப்புறம் பெரிய வெடி, வானம் முட்டப் புகை. அம்புட்டுதான். முகம் தெரியாது. ஆனா இடது தோளைச் சாய்ச்சு ஓடுற அந்த ஓட்டம் பொண்டாட்டிக்குத் தெரியாதா? ரெண்டு மாசமா வராத அழுகை அன்னைக்குத்தான் அவளுக்கு வந்துச்சு.

அதோட அவ சும்மா இருந்திருக்கலாம். பாவி மக, என் புருசன் கொலைகாரன் இல்லைன்னு ஊருக்குத் தெரியட்டும்னு அந்த வீடியோவை எல்லாத்துக்கும் அனுப்பினா. ஊர்க் குரூப்பு, சொந்தக்காரக குரூப்பு, மகளிர் குழு குரூப்பு, ஒண்ணு பாக்கியில்லை.

பலன் இல்லாமலும் இல்லை. ரெண்டாம் நாளு வெள்ளைத்தாய் வந்து வாசல்ல நின்னா. அவ ஒத்த மக அழகுமீனாவும் அந்த ஆறுல ஒண்ணு. செல்லப்பாண்டி பேரைச் சொல்லி மண்ணை வாரித் தூத்தினவ, அன்னைக்கு உள்ள வந்து ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சா. வெடிவிபத்துக்குச் சர்க்கார் வைக்கப்போற விசாரணைக்குத் தானும் வந்து, தொட்டி கிட்ட நிக்கது போர்மேன்தான்னு சாட்சி சொல்லுறதா ஒத்துக்கிட்டா. அன்னைக்கு ராத்திரி கற்பகவல்லி வயிறாரச் சாப்பிட்டா.

அப்பத்தான் சித்திரையில எல்லையில சண்டை மூண்டுச்சு. சண்டை எங்கேயோ ரெண்டாயிரம் மைலுக்கு அங்கிட்டு நடக்குது, இங்கன பலசரக்குக் கடையில உப்பு இல்லை. இனிமே கெடைக்காதுன்னு எவனோ கெளப்பிவிட்டதுல ஆளாளுக்கு மூட்டை மூட்டையா வாங்கிப்போட்டாக. பட்டாளத்துல மகன் இருக்கிற வீட்டுல அடுப்பெரியலை. அவுக மட்டும் டிவியைப் போடவே இல்லை. மத்த ஊரு பூராவும் சுடலை டீக்கடை டிவிக்கு முன்னாடிதான் கெடந்துச்சு. அந்த நகரம் விழுந்துச்சு, இந்தத் துறைமுகம் எரியுதுன்னு டிவிக்காரன் தொண்டை கிழியக் கத்துறான். கேழ்வரகுல நெய் வடியுதுன்னான், கேக்குறவுக தூக்குவாளியோட ஓடுனாக.

ஒருநா மத்தியானம் பால் வாங்கப் போன கற்பகவல்லி டிவியில பார்த்தா. எதிரியோட ஆயுதக் கிடங்கு தூள்தூள்னு செவப்பு எழுத்துல ஓடுது. மேல அவ புருசன் செத்த புகை! முன்னாடி பத்து விநாடியை எவனோ வெட்டி எறிஞ்சிருக்கான். தண்ணித்தொட்டியைக் காணோம், ஆளைக் காணோம். வெறும் வெடியும் புகையும்தான். கடையே கைதட்டுது. சுடலை எல்லாருக்கும் ஓசி டீ போடுறான். வெளிய சரம் வெடிக்காக. அதுல ரெண்டு பேர் அந்தக் கம்பெனியில பொணம் பொறுக்குன ஆளுக. அவுகளுக்கும் தெரியலை.

இது நம்ம ஊருன்னு அவ சொல்லிப் பார்த்தா. கூட்டம் அவளைத் திரும்பி முறைச்சுது. நாடே சந்தோசப்படுற நேரத்துல கொலைகாரன் பொண்டாட்டிக்கு வயித்தெரிச்சல்னு ஒருத்தன் சொன்னான்.

நாலு நாள்ல சண்டை நின்னுச்சு. பொய்யைக் கண்டுபிடிக்கோம்னு வேற கூட்டம் கெளம்புச்சு. அது ஆயுதக் கிடங்கு இல்லை, ஏதோ வெளிநாட்டுல எப்பவோ வெடிச்ச கம்பெனின்னு அவுக எழுதினாக. அந்த டிவிக்காரனும் ஆமா, பொய் வீடியோதான்னு ஒரு வரி போட்டுட்டு அடுத்த சேதிக்குப் போயிட்டான். பொய்யைச் சொன்னவனும் போயிட்டான், திருத்தினவனும் போயிட்டான். நடுவுல நின்னவ கற்பகவல்லி. ஊர்க் குரூப்புல அவ போட்ட வீடியோவுக்குக் கீழயே, பொய் வீடியோ, யாரும் நம்பாதீகன்னு வந்துச்சு. முன்னாடி இருக்கிற பத்து விநாடி கம்ப்யூட்டர்ல செஞ்சு ஒட்டுனதுன்னாக. லாரிக்காரனைத் தேடினா, வீடியோ வந்த நம்பர் உபயோகத்துல இல்லைன்னுது.

அன்னைக்கிருந்து அவ அந்த இருபத்திரண்டு விநாடியை ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்தா. பார்க்கப் பார்க்க சட்டைக் கலர் மாறுன மாதிரி இருந்துச்சு. தோள் சாயுதா, போன் சாயுதான்னு தெரியலை. சீ, என்ன புத்தி இதுன்னு தலையில அடிச்சுக்கிட்டா. மறுபடியும் பார்த்தா.

வைகாசியில விசாரணை வந்துச்சு. அதிகாரி நல்ல மனுசன்தான், உக்காரச் சொல்லித்தான் பேசினாரு. வீடியோவைப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினாரு.

"இதை நான் சாட்சியா எடுத்தா என்னையச் சிரிப்பாங்கம்மா. ஆனா உங்களைத் தவிர, செத்த மத்தவங்க வீட்டு ஆள் ஒருத்தர், இது நம்ம கம்பெனி, நிக்கது அவர்தான்னு அடையாளம் சொன்னா எழுதிக்கிறேன். இல்லைன்னா கம்பெனி சொன்னதுதான் ரிப்போர்ட்டு. இன்னைக்கே முடிச்சாகணும்."

வெளிய பெஞ்சுல வெள்ளைத்தாய் உக்காந்திருந்தா. சொன்ன சொல்லு மாறாம வந்திருந்தா. கற்பகவல்லி அதிகாரி சொன்னதை அவகிட்டச் சொன்னா. ஊரு சொன்னதெல்லாம் அவ காதுலயும் விழுந்திருக்குமில்ல? வெள்ளைத்தாய் உள்ளங்கையை விரிச்சு நீட்டினா.

"எம் மகளை நெனச்சு எங் கையில அடிச்சுச் சொல்லு தாயி. அது அவருதானா?"

ஆமான்னு சொல்லத்தான் கற்பகவல்லி வாயைத் தொறந்தா. கையையும் தூக்கினா. செத்த பிள்ளை மேல சத்தியம். கண்ணு முன்னாடி அந்தக் காப்பிக்கலர் சட்டை வந்து நின்னுச்சு. முகம் மட்டும் வரலை. எம்புட்டோ இழுத்துப் பார்த்தா, வரவே இல்லை. தூக்கின கை அந்தரத்துலயே நின்னுச்சு.

வெள்ளைத்தாய் கையை மெல்ல மடக்கிக்கிட்டா. உள்ள போயி, தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லி, கைநாட்டு வச்சுட்டு வந்தா. செல்லப்பாண்டி பேரு ரிப்போர்ட்டுல குத்தவாளியாவே ஏறுச்சு.

"கோவிச்சுக்கிடாத தாயி. கட்டுனவ நீயே நம்பல, நான் எப்படி நம்புவேன்?"

சொல்லிட்டு வெள்ளைத்தாய் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துட்டா.