பதினோராயிரம் அடி

துடியலூரில் கிரைண்டர் கடை வைத்திருக்கும் திருமூர்த்திக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அதற்குள் உடம்பு மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. மத்தியானச் சோறு இறங்கியதும் கல்லாப்பெட்டி மேலேயே தலை சாய்ந்துவிடும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் மகள் லோகப்பிரியா, முதல் சம்பளத்தில் ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டாள். எத்தனை அடி நடந்தார், நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்பதெல்லாம் அவள் போனிலேயே தெரிந்துவிடும்.

"தினமும் பத்தாயிரம் அடி நடங்கப்பா. அந்தப் பப்ஸையும் டீயையும் விடுங்க. தெம்பு தானா வரும்."

மூன்று நாள் நடந்தார். நாலாம் நாள் முழங்கால் கெஞ்சியது. அப்போதுதான் அந்தப் பாழாய்ப் போன புத்தி வந்தது. கடையில் சுமை தூக்கும் ஐயாசாமிக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான். காலையில் வாட்சைக் கழற்றி ஐயாசாமி கையில் கட்டிவிட்டு, சாயங்காலம் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றைக்குப் பதினோராயிரம் அடி. மகளுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர்களிடமெல்லாம் அப்பாவின் பெருமை பேசினாள். மனுஷர் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டார்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஒரு மத்தியானம் போன் அடித்து அவர் தூக்கத்தைக் கலைத்தது. லோகப்பிரியாதான். அதற்கு முன் ஏழு தடவை கூப்பிட்டிருந்தாள்.

"அப்பா, உங்க நெஞ்சு தாறுமாறா அடிக்குது. எந்திரிக்காதீங்க. கடைகிட்ட வந்துட்டேன்."

திருமூர்த்தி எழுந்து பின்பக்கம் ஓடினார். மாடிக் குடோன் படியில் ஐயாசாமி நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. திருமூர்த்தியின் கை முதலில் போனது அந்த நெஞ்சுக்கல்ல, வாட்சுக்கு. வாரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே லோகப்பிரியா வந்து நின்றாள்.

"அம்மணி, நான்தானுங்க ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டேன்," என்றார் ஐயாசாமி, மூச்சுக்கு நடுவே. "மொதலாளியை ஒண்ணும் சொல்லாதீங்க."

திருமூர்த்தி வாட்சிலிருந்து கையை எடுத்தார்.

"இல்ல கண்ணு. நான்தான் கட்டிவுட்டேன். ஒரு மாசமா."

லோகப்பிரியா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கழன்ற வாரை ஐயாசாமியின் கையிலேயே மறுபடி இறுக்கினாள்.

"ஆஸ்பத்திரி போற வரைக்கும் இது அவரு கையிலயே இருக்கட்டும். அந்தப் பக்கம் புடிங்க."

இருவரும் தாங்கி இறக்கினார்கள். நாலே படிதான். ஒவ்வொரு படிக்கும் திருமூர்த்திக்கு மூச்சு வாங்கியது.

"மொதலாளி, பாத்துங்க," என்றார் ஐயாசாமி.