சைடு வீல் வைத்த வண்டி

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் கிரில் பட்டறை வைத்திருந்த பார்த்திபன், ஊருக்கெல்லாம் சொன்ன தேதியில் கேட்டும் ஜன்னலும் செய்து கொடுத்துவிடுவான். வீட்டுக்கென்று எடுத்த ஒரே வேலைதான் இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டு கிடந்தது.

அவன் மனைவி சுமலதாவுக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் வலது கால் சூம்பிப் போயிருந்தது. அவன் பட்டறைக்குப் போய் வரும் நேரம் ஒத்துவராததால், சிங்கவரத்து வீட்டிலிருந்து ஊன்றுகோலோடு பஸ் ஏறி, செஞ்சியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போய் வந்தாள். அவளுக்காகப் பழைய ஸ்கூட்டி ஒன்றை வாங்கி, பின்னால் இரு பக்கமும் சைடு வீல் பொருத்தினான். வண்டி ஓடும் நிலைக்கு வந்தே ஒரு வருஷம் ஆகிவிட்டது. நெல் அடிக்கும் களத்தில் சுமலதா நன்றாக ஓட்டிப் பழகி, லைசென்ஸும் எடுத்துவிட்டாள்.

ரோட்டுக்கு விடத்தான் அவனுக்கு மனசு வரவில்லை. இடது சக்கரம் நூலளவு வெளியே நிற்கிறது என்று அறுத்து மறுபடி பற்றவைத்தான். பற்றவைத்த மேடு தெரிகிறது என்று அரத்தால் ராவினான். பெயின்ட் நிறம் ஒட்டவில்லை என்று சுரண்டினான். எப்போது கேட்டாலும், "இன்னும் ஒரு வாரம் குடு" என்பான். ஊராருக்குச் செய்யும்போது வராத பயம் இதில் வந்தது. பெண்டாட்டிக்கு இவ்வளவுதான் செய்தானா என்று யாராவது சொல்லிவிட்டால்?

ஐப்பசி மழையில் ஒருநாள், பஸ் படியில் ஊன்றுகோல் வழுக்கி சுமலதா விழுந்தாள். முட்டியில் சிராய்ப்பு. சாயங்காலம் அதற்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்த வண்டில இன்னாங்க கொறை இருக்குது?"

"லெஃப்ட் சைடு லேசா கோணலா இருக்குது சுமா."

"அதால கவுந்துடுமா?"

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "கவுறாது."

"பிரேக்கு?"

"நல்லா புடிக்குது."

"அப்புறம் நான் எதுக்கு பஸ்ல போய் வுழணும்?"

மறுநாள் காலை அவனே சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். பெயின்ட் பாதி சுரண்டியபடி, வண்டி சொறி பிடித்தது போல இருந்தது. சுமலதா கிளம்ப, அவன் பைக்கில் பின்னாலேயே போனான். ஊர் எல்லை வரை அவன் கண் இடது சக்கரத்தை விட்டு நகரவில்லை. எதிரே லாரி வந்தபோது அவள் நிதானமாக ஓரங்கட்டி, அது போனதும் ஹாரன் அடித்துவிட்டு மறுபடி ரோட்டில் ஏறினாள். அதன்பிறகுதான் அவளைப் பார்த்தான். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் ஒருநாளும் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

சாயங்காலம் வந்ததும் குறைகளை அடுக்கினாள். "சேறு புடவைல தெறிக்குது. ஊன்றுகோல் வைக்க எடமில்ல, கால்ல இடிக்குது. கண்ணாடி ஆடுது."

மூன்றும் அவன் யோசித்தே பார்க்காதவை. "கோணல் தெரிஞ்சுதா?" என்று கேட்டான்.

"எது?" என்றாள்.

அன்றைக்கே கண்ணாடியை முடுக்கி, ஒரு பைப்புத் துண்டை வெட்டி ஊன்றுகோலுக்குத் தாங்கி வைத்தான். ராவக் கை துறுதுறுத்தது. ராவாமலே விட்டான். சேற்றுக்குத் தகடு ஞாயிற்றுக்கிழமை அடித்தான்.

மாசக் கடைசியில் மேல்சித்தாமூரிலிருந்து பாண்டுரங்கன் என்பவர் பட்டறைக்கு வந்தார். ஜெராக்ஸ் கடை வாசலில் வண்டியைப் பார்த்தாராம். தன் தங்கச்சிக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்.

"எப்பப்பா குடுப்ப?"

"பொங்கலுக்கு முன்னால எடுத்துக்குங்க" என்றான் பார்த்திபன். "தங்கச்சிய ஓட்டிப் பாத்துட்டு கொறைய வந்து சொல்லச் சொல்லுங்க. மிச்சத்த அப்புறம் செஞ்சிக்கலாம்."