நாற்பத்தேழாம் பக்கத்தில் இல்லாத அக்கா

1

இது என் கற்பனையில் உதித்த கதை இல்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நின்ற ஒரு நாவலுக்காக, ஒரு சிற்றூரின் தண்ணீர்த் தொட்டி எந்த வருடம் கட்டப்பட்டது என்று விசாரிக்கப் போனேன். தொட்டியைக் கேட்கப் போனவன் ஓர் அக்காவைக் கேட்டுக்கொண்டு திரும்பினேன். நாவல் இன்னும் தொட்டியில்லாமல்தான் நிற்கிறது.

சொன்னவர் அந்த ஊரின் வரலாற்றாசிரியர். அப்படி அழைத்தால் அவரே சிரித்துவிடுவார். முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். ஊருக்கு அவர் மீட்டர் அண்ணன். ஓய்வு பெற்ற கையோடு, ஊர்மன்றம் அவரைக் கூப்பிட்டு நூற்றாண்டு மலர் எழுதச் சொன்னது. ஊர் வரலாறு முன்பகுதி, குடும்ப மரங்கள் பின்பகுதி. எல்லா வீட்டுக்குள்ளும் போய்வந்தவர், கையெழுத்தும் அச்சு மாதிரி இருக்கும். வேறு தகுதி எதையும் மன்றம் கேட்கவில்லை.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மலைகளின் மடியில், காலம் மறந்துபோன அந்தச் சிற்றூரில்…"

(மலை கிடையாது. மேலும், காலம் ஊரை மறக்கவில்லை. ஊர்தான் வேண்டாதவர்களை மறக்க விரும்பியது.)

அதற்கு மீட்டர் அண்ணன் வீட்டு வாசலே சாட்சி. மலர் அச்சுக்குப் போகிறது என்று தெரிந்ததும் வரிசையாக வந்தார்கள். "எங்க சித்தப்பாவ எடுத்துடுங்கண்ணே, ஜெயிலுக்குப் போனவர்." "எங்க தாத்தா வந்த வருஷத்த ஒரு இருபது முன்னால தள்ளிப் போடுங்க." "அந்த ரெண்டாவது சம்சாரம் இருக்கே… அத ஏன் எழுதிக்கிட்டு?" அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. "மரம்னா கவாத்து பண்ணத்தானே வேணும்" என்பார். நாற்பத்தோரு பேரை வெட்டியதாக என்னிடம் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே.

நாற்பத்தேழாம் பக்கம், மரம் அறுக்கும் மில் வைத்திருந்த மரமில் குடும்பம். மில்காரருக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. அவர் நேரில் வரவில்லை. ஒரு துண்டுச் சீட்டுதான் வந்தது: "எங்கள் அப்பாவுக்குப் பிள்ளைகள் மூவர். மூவர் மட்டும்." அப்படியே அச்சானது.

வினை அதற்கப்புறம்தான் வந்தது. அந்த மழைக்காலத்தில் பதிவறைக் கூரை ஒழுகி, பழைய பிறப்புப் பதிவேடுகள் நனைந்து பாளம் பாளமாக ஒட்டிக்கொண்டன. மன்றம் கூடித் தீர்மானம் போட்டது: இனி யார் எந்தக் குடும்பம் என்பதற்கு நூற்றாண்டு மலரே ஆதாரம். அன்றைக்கு மீட்டர் அண்ணனுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

3

இரண்டு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எண்பத்துநான்கு வயது அம்மா ஒருவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மன்ற அலுவலகப் படியேறினார். ஊர் இடுகாட்டில் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் தனக்கும் ஓர் இடம் பதிந்துவைக்க வேண்டும் என்றார். ஊர்க் குடும்பத்தாருக்குத்தான் அங்கே இடம். எழுத்தர் மலரைப் புரட்டினார்.

"மரமில் குடும்பத்துல மூணு பேருதாம்மா."

"நான் நாலாவது."

"புத்தகத்துல இல்லையேம்மா."

"புத்தகத்துல இல்லேன்னா என்னப்பா, எதிர்ல நிக்கறேனே!"

நிற்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை. எழுத்தர் மீட்டர் அண்ணனுக்குப் போன் போட்டார்.

[இந்த இடத்தில் "அவர் கலங்கிப்போனார்" என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது அடிக்கச் சொன்னார். கலங்கவில்லையாம். வெட்டிய நாற்பத்தோரு பேரையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாராம். இரண்டும் வேறு.]

எழுத்தர் தெளிவாகச் சொன்னார்: "ரெண்டே வழிதாண்ணே. புத்தகம் தப்புன்னு நீங்களே எழுதிக் குடுக்கணும். ஒரு பக்கம் தப்புன்னா மொத்தப் புத்தகமும் செல்லாது, பாத்துக்கோங்க. இல்லேன்னா, புத்தகத்துல இருக்கற ரத்த சொந்தம் யாராவது வந்து, இவங்க இன்ன உறவுன்னு படிவத்துல எழுதிக் கையெழுத்துப் போடணும்."

மீட்டர் அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே மில்காரர் வீட்டுக்குப் போனார். மனிதாபிமானத்தால் போனார் என்று எழுத எனக்கு ஆசை. புத்தகத்தைக் காப்பாற்றத்தான் போனேன் என்கிறார் அவர்.

4

மில்காரரின் அந்த அக்கா ஏன் ஊரை விட்டுப் போனார் என்பதற்கு நானே ஒரு காரணம் எழுதிவைத்திருந்தேன். லாரி ஓட்டுநர் ஒருவரோடு, விடியற்காலையில், ஒரு பையோடு… மீட்டர் அண்ணன் பாதியிலேயே தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் சார், வீட்ட விட்டுப் போன பொண்ணுன்னா எவன் கூடவாவது ஓடித்தான் போயிருக்கணுமா?"

அந்தப் பத்தியைக் கிழித்துவிட்டேன். நடந்தது இதுதான். அக்கா அப்பாவின் மில்லில் வருகைப் பதிவேடு எழுதிவந்தார். இருபத்துமூன்று வயது. ஒரு நாள் ரம்பத்தில் கை பட்டு ஒரு தொழிலாளிக்கு மூன்று விரல்கள் போயின. அவன் கவனக்குறைவு என்றார் அப்பா. விசாரணைக்கு வந்த அதிகாரி முன்னால் அக்கா எழுந்து நின்று, ரம்பத்தின் பாதுகாப்புத் தகட்டை யாரோ கழற்றிவைத்திருந்தார்கள் என்று சொல்லிவிட்டார். மில்லை எட்டு மாதம் பூட்டினார்கள். "எனக்குப் பொண்ணே கிடையாது" என்றார் அப்பா. சொன்ன வாரமே அக்கா கிளம்பிவிட்டார்.

5

மில்காரர் மருந்து டப்பாவில் மாத்திரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அக்கா வந்திருக்காங்க."

"எந்த அக்கா?"

மீட்டர் அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தனியா நடக்கறாளா? யாராவது பிடிச்சுக்கணுமா?"

"மகள் பிடிச்சிட்டு வந்தாங்க."

மில்காரர் டப்பாவை மூடினார். அப்புறம், மாத்திரை நேரத்தைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: "தகட்டக் கழட்டினது நான். வேலை வேகமா நடக்கணும்னு அப்பா சொன்னாரு, கழட்டிட்டேன். பதினெட்டு வயசு. அவ பாத்துட்டா. யாரு கழட்டினதுன்னு அதிகாரி மூணு தடவ கேட்டாரு. தெரியாதுன்னுட்டா."

"காப்பாத்தின அக்காவயா ஐயா புத்தகத்துலேருந்து அடிக்கச் சொன்னீங்க?"

"அவ பேரப் பாத்தா அந்த ஆளோட கைதான்யா ஞாபகம் வருது. என்ன பண்றது?"

6

இனி இரண்டு முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஒன்றில் அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், எழுத்தரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இன்னொன்றில் தம்பி வரவே இல்லை, அக்கா பெஞ்சில் காத்திருக்கிறார், வெளியே மழை. முதலாவது என் மனைவிக்குப் பிடித்தது. இரண்டாவதற்குப் பரிசு கிடைக்கலாம்.

மில்காரர் வந்தார். தேய்த்த சட்டை, கைத்தடி. சட்டையை இரண்டு முறை மாற்றியதால் தாமதம்.

"முடியெல்லாம் போச்சேடா உனக்கு" என்றார் அக்கா.

"பல்லு இருக்கா உனக்கு?"

"கட்டினது."

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரும்மா இவரு?"

மில்காரர் முகம் சுண்டிவிட்டது. "என்னப் பத்திச் சொல்லவே இல்லையா?"

"கூடப் பொறந்தவங்க யாரும் இல்லேன்னு சொல்லித்தான் இவள வளர்த்தேன்."

"அறுபத்தோரு வருஷமாவா?"

"நீ மட்டும் என்ன, என்னைப் புத்தகத்துல உக்கார வச்சு அழகு பாத்தியா?"

எழுத்தர் சிரிப்பை அடக்க ஃபைலுக்குள் குனிந்தார். மில்காரருக்குக் கோபம் வரும் என்று மீட்டர் அண்ணன் பயந்தார். அவர் அக்காவுக்குப் பக்கத்தில், பெஞ்சில், மெதுவாக உட்கார்ந்தார். "சரிக்குச் சரி" என்றார். அக்கா அவர் சட்டைக் காலரின் மடங்கிய நுனியைச் சரிசெய்தார். மகள் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார். எத்தனை டம்ளர் என்று தெரியாமல் வாசலில் ஒரு நிமிடம் நின்றாராம்.

7

படிவத்தை நீட்டினார்கள். "விண்ணப்பதாரர் உமக்கு என்ன உறவு? காரணத்துடன் விளக்குக." மில்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார். முப்பத்தோரு வருடம் அடுத்தவர் வீட்டு எண்களை எட்டிப் பார்த்த மீட்டர் அண்ணன், அன்றைக்கு மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதனால் எனக்கும் தெரியாது. எழுத்தர் இரண்டு முறை படித்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார். இடம் கிடைத்துவிட்டது. நாற்பத்தேழாம் பக்கத்தை அடுத்த பதிப்பில் திருத்துவதாக மீட்டர் அண்ணன் சொல்கிறார். முதல் பதிப்பே நூற்றறுபது பிரதி அவர் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

அக்கா என்று எழுத மூன்று எழுத்து போதும். பேனா பத்து நிமிடம் ஓடியதாம். அதற்கப்புறம் மில்காரர் என்ன எழுதினார் என்று நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், மூன்றும் என் தம்பிக்கு நான் எழுதாத கடிதம் மாதிரியே வந்தன, கிழித்துவிட்டேன். நீங்கள் எழுதிப் பாருங்கள். கட்டம் சின்னதுதான். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதலாம், அவர் எழுதினாராம்.